நான்காவது பெயர்

லெஃப்டி,

முப்பத்தாறு வருடம் கழித்து எழுதுகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், படித்துவிடு.

நம் கல்லூரி பேஸ்பால் அணிக்கு இப்போது நான்தான் தலைமைப் பயிற்சியாளர். செவ்வாய்க்கிழமை, ஆடப்போகிறவர்களின் பட்டியலை நடுவரிடம் கொடுத்தேன். நம் காலத்திலிருந்தே நடுவராக நிற்கும் அதே லாயிட்தான். படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன கோச், இவனுங்கள்லாம் எங்க? பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரப் போயிருக்கானுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஒன்பது பேரும் நம் கடைசி வருடத்து ஆட்கள். சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். என் உதவியாளன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் போய்ச் சொல்ல, என் மனைவி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறாள்.

என் குழப்பம் அதுவல்ல. அந்த வருட இறுதி ஆட்டத்தில் நீ ஆடவில்லை. தோள் வலிக்கிறது என்று நீ என்னிடம் மட்டும் சொன்னதை யாரோ பயிற்சியாளர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் உன்னை உட்காரவைத்து என்னை இறக்கினார். அன்று தொடங்கியதுதான் என் பிழைப்பெல்லாம். ஆனால் இந்தப் பட்டியலில் நான்காவதாக, அன்று நான் இறங்கிய இடத்தில், உன் பெயர் இருக்கிறது. என் பெயர் எங்குமே இல்லை. மறதி இவ்வளவு சரியாகவா எழுதும்?

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம். உன் தோள் எப்படி இருக்கிறது? சொல். இந்த முறை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் இடத்தில் ஆடியவன்