புளியமரத்தடியில் நின்ற வண்டி

என் பிரியமான மாப்பிள்ளை ராஜேந்திரா,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். உனக்கு ஒன்று என்றால் உன் அண்ணன் முதலில் வண்டியைத் தேடித்தான் வருவார் என்றேன். ஓடாமல் நின்றால் எலி குடியேறும் என்றேன். யார் கேட்டார்கள்?

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சூளகிரியில் இருந்தே காதால் சொல்லிவிடுவேன். ஒரு கம்பெனிக்கு கிளட்ச் தேயும், இன்னொன்றுக்கு ஏசி காயில் ஒழுகும், வேறொன்று பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் கடகடக்கும். டீசல் என்றால் டர்போ ஒருநாள் கைவிரிக்கும். பழுதாகாத வண்டியை எந்த நாட்டுக்காரனும் இன்னும் செய்யவில்லை. பெங்களூரில் நீ வாங்கிய வெள்ளை வண்டிக்கும் கூலன்ட் ஒழுகும் வியாதி உண்டு. ஆனாலும் அது ஒருநாளும் உன்னை வழியில் விட்டதில்லை. அதை நீ இருந்தபோதே ஒத்துக்கொண்டிருக்கலாம், இல்லையா?

காரியம் முடிந்த மறுநாள் உன் அண்ணன் வந்தார். என் தங்கச்சி முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஆளையே முழுங்குன வண்டி, கலா. ராசியில்லாதது. நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் வாசலுக்குப் போனால் மட்டும் ராசி வந்துவிடுமா? உன் சொந்தம் முழுக்கத் தலையாட்டியது.

நீ கலாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது வண்டி ஓட்டுவது ஒன்றைத்தான். கம்பெனிப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். உயிர் போன சீட்டு என்று அவர்களும் ஏறவில்லை. வண்டி நின்றது, எலி வயரைத் தின்றது. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் எலிக்கு ஒரே ருசிதான்.

ஆகவே நான் வாயைத் திறந்தேன். நீ ஓரங்கட்டி, இறங்கி, கதவைச் சாத்தி, புளியமரத்தடியில் உட்கார்ந்து எனக்கு போன் செய்தாய் என்றேன். "வண்டி நல்லாத்தான் இருக்குது மச்சான், எனக்குத்தான் முடியல" என்றாயாம். நாலாவது தடவை சொல்லும்போது ஒரு இளநீர்க்காரனும் வந்து உனக்கு விசிறிக்கொண்டிருந்தான். உயிர் போனது மரத்தடியில், வண்டியில் இல்லை. பெண்கள் ஏறிவிட்டார்கள்.

வயரை மாற்றினோம். வண்டி கலா பேருக்கு மாறிவிட்டது. இப்போது முன்சீட்டுக்கு அந்தப் பெண்களுக்குள் சண்டை. போன வாரம் அந்த மரத்தைத் தாண்டும்போது கலா கேட்டாள்: "ஏண்ணா, இங்க எளநீர் கடை எங்க இருக்குது?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

கசப்பு என்ன தெரியுமா? வண்டிக்கு வந்த உன் அண்ணன், அது கிடைக்காமல் போனதும் பாசக்காரராகிவிட்டார். அந்த மரத்தடியில் உன் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறார். போகிறவர்கள் கும்பிடுகிறார்கள். நீ உட்காராத இடத்தில்.

கலா ஓட்டும்வரை அந்த வண்டிக்கு ஆயில், கூலன்ட் பார்ப்பது என் பொறுப்பு. இது சத்தியம்.

மற்றது உனக்கே தெரியும். நீ போன் செய்யவில்லை. இறங்கவும் இல்லை. யாரோ சொல்லி நான் வந்து கதவைத் திறந்தபோது உன் கை ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. இழுத்துத்தான் இருந்தது, மாப்பிள்ளை.

உன் தங்கமான பெண்டாட்டியின் அண்ணன்,
மச்சான் முருகேசன், சூளகிரி