துப்பா என்றால் நெய்

மேசைமேல் மூன்றும் இருந்தன. தாளில் சுற்றிய வெண்ணெய். பாக்கெட்டில் வனஸ்பதி. வேப்பனப்பள்ளியிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய நெய், எவர்சில்வர் தூக்கில். புது ஓவன் வாங்கிய வாரம். பிஸ்கட்டுக்கு எதைப் போடுவது என்று சத்தமாக யோசித்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"துப்பா."

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. என் கணவர் வாயில் இன்னும் உன் சொல்.

தூக்கைத் திறந்தேன். அந்த வாசனையும் உன்னுடையதாகத்தான் இருந்தது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நம் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர். நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். எம்.ஏ. தமிழ். ஒரு பெட்டி நிறையப் புத்தகம். எனக்கு ஒரு மொழி தெரியும், நன்றாகத் தெரியும். உனக்கு மூன்று. பால்காரரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், என் கணவரிடம் கன்னடம். நீயும் அவரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, அவரைப் பார்த்ததும் கன்னடத்தில் முடிப்பாய். பாதிப் பேச்சோடு நான் நிற்பேன்.

அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாய். அதனால் எதையும் குற்றமாகச் சொல்ல முடியவில்லை. அதுவும் எரிச்சல்.

அந்தத் தெருமுனை பேக்கரியில் காலை ரொட்டி இறக்கிய பிறகு அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். தெருப்பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, அங்கே கொண்டுபோவோம். உன் தட்டு திரும்பி வரும்போது தெருவே மணக்கும். ஷிப்ட் முடிந்து வரும் என் கணவரை வாசலில் நிறுத்தி இரண்டு கொடுப்பாய். அவர் ஒன்றை அங்கேயே தின்றுவிட்டு, மற்றதைக் கைக்குட்டையில் சுற்றி எனக்குக் கொண்டுவருவார்.

"சாப்பிட்டுப் பாரேன். வாயில வெச்சா கரைஞ்சிடுது."

நான் முதலில் வனஸ்பதியில் செய்தேன். முள்கரண்டிக் கோடுகூடக் கலையாமல் வந்தது. மொறுமொறுப்புக்குக் குறையில்லை. ஆனால் தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் ஏதோ பூசியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு" என்றார். உப்புமாவுக்கும் அதைத்தான் சொல்வார். பிறகு வெண்ணெய். வாசனை வந்தது. ஆனால் வெண்ணெயில் இருந்த தண்ணீருக்கு மாவு இளகிப் பரவி, ஓரமெல்லாம் கருகிவிட்டது. "நல்லா இருக்கு."

உன்னிடம் கேட்கக்கூடாது என்று நாட்களைத் தள்ளினேன். கடைசியில் கேட்டேன். அவரும் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"துப்பா ஹாக்கு. அவ்ளோதான்" என்றாய்.

"என்னத்தத் துப்பணும்?"

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "கேளிதிரா அண்ணா? பிஸ்கட்ல துப்பறாங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெய்டி, நெய். கன்னடத்துல துப்பா. ஹாக்குன்னா போடு" என்றாய். அவரும் சிரித்தார். தோள் குலுங்க. கல்யாணமாகி அதுவரை நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. அவருக்குள் அப்படி ஒன்று இருப்பதை எனக்கு முன்னால் நீ அறிந்திருந்தாய். உன்னை எனக்குப் பிடிக்காமல் போனது அங்கேதான்.

நெய் போட்டேன். எங்கள் ஊரில் நெய் என்றால் உருக்கிய நெய். ஓசூர்க் குளிரில் கட்டியாகிக் கிடந்ததை அடுப்பில் வைத்து, தண்ணீராக்கி, மாவில் ஊற்றினேன். பேக்கரிக்காரர் தட்டை நீட்டி, "என்னம்மா, தோசையா?" என்றார். எல்லாம் ஓடி ஒன்றாகியிருந்தது.

நீ எதையோ மறைத்துவிட்டாய் என்று முடிவு செய்தேன். மறுநாள் நீயே வந்தாய்.

"உருக்கினியா?"

"நெய்ய உருக்காம?"

"அய்யோ, எம்.ஏ.காரி. இறுகினதை அப்படியே எடுத்து சக்கரைப் பொடியோட தேய்க்கணும்டி. வெள்ளையாகிற வரைக்கும் தேய்க்கணும். மாவு அப்புறம்தான்."

என் பாத்திரத்தில் உன் கையை விட்டுத் தேய்த்தாய். மஞ்சள் நெய் வெளுத்து, நுரைபோல எழுந்தது. நான் பார்த்துக்கொண்டேன். உன்னோடு சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் சிரிக்கவில்லை. நீ சொல்லும் எல்லாவற்றுக்கும் "ம்" என்றேன். நல்ல வேடிக்கைக்காரி நீ. சுவருக்கு அந்தப் பக்கம் நீ பேசுவதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல். பெங்களூர் ஆஸ்பத்திரி. ஒரு வாரம்கூட இல்லை.

உன்னைக் கொண்டுபோன அன்று அவர் அழுதார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வாரம் புது ஓவனில் நெய் பிஸ்கட் செய்தேன், உருக்காமல். நன்றாக வந்தது. அவர் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். யாருடையதைத் தின்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன்.

"வாசல்ல நின்னு அவகூட அப்படி என்னதான் பேசுவீங்க?"

"என்ன பேசுவோம். தண்ணி வரல, கரண்ட் இல்ல. ஊர்ல யாருக்குக் கல்யாணம். இல்லன்னா உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தி என்ன?"

அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். "என்ன சொன்னாலும் உம்முனு நிக்கறாளே, ஒரு தடவை சிரிச்சா போதும்னு சொல்வாங்க. அதுக்காகவே எங்கிட்ட வந்து புதுசு புதுசா கேப்பாங்க. இதைச் சொன்னா சிரிப்பாளா, அதைச் சொன்னா சிரிப்பாளான்னு."

வாசலில் நீங்கள் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள், எனக்காக.

நீ சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொல்லச் சொன்னேன். சொன்னார். "ஒந்து சல நக்ரெ சாக்கு." சாக்கு என்றால் போதும். மறுபடி சொல்லச் சொன்னேன். மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனால் எனக்குள் அது அவர் குரலில்தான் இருக்கிறது. உன் குரலில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இத்தனை நாள் அவரை நீ எடுத்துக்கொண்டாய் என்று உன்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது, உன்னை அவ்வளவு தனக்குள் வைத்திருக்கிறாரே என்று, அவர்மேல்.