பச்சை அட்டைப் புத்தகமும் மாம்பழக் கலர் சீலையும்

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு. மழை இல்லை.

முப்பத்தொரு வருசம் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் மழை அளந்து எழுதின கை. தேதி போட்டால் பக்கத்தில் மழையும் போட்டாகணும். இப்போ குடுவை இல்லை, கண்ணளவுதான்.

காலையில் என் சம்சாரம் இராக்கம்மாவின் தம்பி வந்தான். "டிசம்பர் பதினேழு வந்தா வருசம் திரும்புது மச்சான். திவசத்துக்கு அக்கா படம் வேணுமே?" எங்கே போவேன்? மலை சரிஞ்சதில் லயத்தில் எங்க வீட்டு வரிசை முழுக்க மண்ணுக்குள்ளே. கல்யாணப் படம், அவ போன், அடையாள அட்டை எல்லாம் அங்கேதான். அடையாள அட்டைப் படத்தின் நகல் கேட்டு ஆபீசுக்கு எழுதிப்போட்டு ஐந்து மாசம். பதில் இல்லை.

அவன் போனதும் விஜயலெட்சுமி வந்தது. பக்கத்துக் காம்பரா சிவசக்தியின் மகள். மலை சரிந்த அன்றைக்கு அது பதுளையில் துணிக்கடை வேலையில் இருந்ததால் தப்பியது, தாய் தப்பவில்லை. "மாமா, எங்கம்மா இருக்கிற படம் ஏதாச்சும் உங்ககிட்ட..." என்று இழுத்தது. இல்லை என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் 12. தூறல்.

ஞாபகம் வந்துவிட்டது. புத்தகம்!

2019-ல் மழைக் கணக்குக் கொப்பியைக் காட்ட தோட்டத்துத் தொரை பங்களாவுக்குப் போனேன். விறாந்தை மேசையில் பெரிய புத்தகம், பச்சை அட்டை. ஊவா மாகாணத்தைப் பற்றியது என்றார் தொரை. காற்றில் பக்கம் புரண்டது. கொழுந்து மலை, நடுவில் மாம்பழக் கலர் சீலை. பதுளையில் நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சீலை. கண்ணாடி போடாமல், தலைகீழாகப் பார்த்தேன். ஆனாலும் அந்தச் சீலை எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் இராக்கம்மாவிடம் சொன்னேன், "புத்தகத்துல இருக்கியே."

"நல்லா இருக்கேனா?"

"நல்லாத்தான் இருக்கே."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ரொட்டிக்கு ரெண்டு வகைச் சம்பல்.

அந்தத் தொரை மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் அச்சடித்தது ஒன்றாகவா இருக்கும்? ஊரெல்லாம் இருக்கும். தேடிப் பிடிப்பேன்.

செப்டெம்பர் 7, சனி. மத்தியானம் நல்ல மழை.

பதுளை. புவாத் நானா புத்தகக் கடை. பேர் தெரியாத புத்தகத்தைக் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். இந்தத் தீவைப் பற்றிய புத்தகங்களுக்கென்றே ஒரு தட்டு: அருவி, யானை, பழைய விகாரை, ஒன்பது வளைவுப் பாலம். வெள்ளைக்காரன் வாங்கிப் போவானாம். குருவிப் புத்தகத்தில் ஒவ்வொரு குருவிக்கும் மூணு பாஷையில் பேர். குடுத்து வச்ச குருவி.

என் புத்தகம் இல்லை.

"பழைய பதிப்பா இருக்கும் பொன்னையாண்ணே. கேட்டுப் பாக்குறேன், நம்பர எழுதி வச்சிட்டுப் போங்க."

செப்டெம்பர் 21. தூறல்.

நூலகத்திலும் இல்லை. இரவல் போனது திரும்பவில்லையாம்.

ஒக்டோபர் 6, ஞாயிறு. விடாத மழை.

வெள்ளைக்காரர் வந்து தங்குற எல்லவுக்குப் போனேன். ஏழு கெஸ்ட் ஹவுஸ். ஒரு இடத்தில் பச்சை அட்டை. கேட்காமலே எடுத்தேன். திறந்தால் சமையல் புத்தகம். காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம். அந்த வீட்டுப் பெண்பிள்ளை உப்பு கொண்டுவந்து கொடுத்தது.

ஒக்டோபர் 17. மழை.

இப்போ இருக்கிறது பழைய பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போன தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன இடம். தொட்டில் வளையம் இன்னும் கூரையில் தொங்குது. மழை தகரத்தில் விழுந்தால் உட்கார முடிகிறதில்லை. அன்றைக்கும் குடுவை வழிந்ததைக் கொப்பியில் எழுதிக்கொண்டு நின்றேன், மலை சரிகிற சத்தம் கேட்டது. எழுதுறதை விட்டுட்டு ஓடியிருந்தா? நாலு நிமிச ஓட்டம். எட்டியிருக்க மாட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும்.

நவம்பர் 8, வெள்ளி. மழை இல்லை.

புவாத் நானா போன் பண்ணினார். மூடின ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த பெட்டிக்குள் கிடந்ததாம். "பச்சை அட்டை, உள்ள கொழுந்து மலை, மஞ்சள் சீலை."

மஞ்சள் இல்ல நானா, மாம்பழக் கலர்.

நவம்பர் 9, சனி.

அவ இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு. மழை பார்க்கவில்லை.

நேற்று அதுக்கு மேலே எழுத முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். சீலை அதுதான், கரை கூட அதுதான். கட்டிக்கொண்டு சிரிக்கிறது சிவசக்தி. கீழே இங்கிலீசில் ஒரு வரி. நானா வாசித்துச் சொன்னார்: "கொழுந்து பறிக்கும் பெண், ஊவா." பேர் இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நானா தேத்தண்ணி எடுக்கச் சொன்னார். புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி என் பையில் வைத்தார். காசை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 11. தூறல்.

விஜேந்திரன் கங்காணியிடம் கேட்டேன். "அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? படம் எடுக்க வந்தவங்க சிவசக்தி சிரிப்பு நல்லாருக்குன்னு அதைக் கூப்பிட்டாங்க. அது கட்டியிருந்தது கந்தல். அக்காதான் லயத்துக்கு ஓடிப்போயி தன்னோட சீலைய எடுத்தாந்து கட்டி விட்டுச்சு. அப்புறம் பின்னாடி போயி கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்துச்சு."

தெரியணும்தான். எங்க லயத்தில் நல்ல சீலை என்றைக்கு ஒரு காம்பராவிலேயே இருந்தது? கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எதற்குப் போனாலும் இரவல் சீலைதான். பதினெட்டு வருசம் அந்த லயத்தில் இருந்தவன் சீலையை வைத்து ஆளை அடையாளம் பிடித்திருக்கேன். மடையன்.

பின்னாடி என்றானே. பார்த்தேன். சிவசக்திக்குப் பின்னால் இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டின ஒருத்தி, குனிந்திருக்கிறாள். முதுகும் இடது கையும்தான். முழங்கையில் தேத்தண்ணிக் கேத்தல் சுட்ட தழும்பு, அவளோடது.

முகம் இல்லை.

நவம்பர் 13. மழை.

ஏன்டி சொல்லல? "நல்லா இருக்கேனா"ன்னு கேட்டியே, அப்பவாச்சும் "அது நானில்ல"ன்னு சொல்லியிருக்கலாமே? நான் உன்னை "நல்லா இருக்கே"ன்னு சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைத் திருப்பிக் குடுக்க மனசு வரலையா உனக்கு?

நவம்பர் 19. மழை.

புத்தகம் தலைமாட்டில் இருக்கு. விஜயலெட்சுமிக்குச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கும், கொடுக்கணும். கொடுத்தால் இந்த முதுகும் போகும். போட்டோ கொப்பி எடுத்து வைக்கலாம். முதுகை மாட்டி யார் கும்பிடுறது?

நவம்பர் 26. மழை.

இன்னும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கேட்டபோது எரிந்து விழுந்ததும் நான்தான்.

நவம்பர் 30, சனி. மழை ஓய்ந்தது.

துணிக்கடைக்கே போனேன். "பொன்னையா மாமா, என்னா இந்தப் பக்கம்?" என்று வந்தது. துணி விரிக்கிற மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்தேன்.

விஜயலெட்சுமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கன்னத்தை மட்டும் தொட்டது. முதலாளி பார்த்துவிட்டு வாடிக்கையாளரைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்.

"இந்தச் சீலை எங்களுதில்லையே மாமா?"

"அத்தையோடது."

பின்னால் இருந்த கையைக் காட்டினேன். தழும்பை அதுக்கும் தெரிந்திருந்தது. புத்தகத்தை விட்டுவிட்டு வெறும் பையோடு பஸ் ஏறினேன். இறங்கும்வரை அழுதேன். பக்கத்து சீட்டு ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுசன்.

டிசம்பர் 17, செவ்வாய். மழை இல்லை.

விஜயலெட்சுமி திவசத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கடைக்குப் பின்னால் வாடகை அறை. மச்சானும் வந்தான். படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. தாய் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தருகிறேன் என்றாராம் சட்டம் போடுகிறவர். இது விடவில்லை.

"அத்தைய எப்படி மாமா வெட்டுறது?"

முழுப் பக்கமும் இருந்தது. மாலையைக் கூட ஒரு பக்கம் ஒதுக்கிப் போட்டிருந்தது, அந்தக் கை மறையாமல். அடியில் இருந்த இங்கிலீஸ் வரிக்கு மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, தன் கையெழுத்தில் ரெண்டு பேர்: சிவசக்தி, இராக்கம்மா.

ரெண்டு விளக்கு. ரெண்டு இலை. அவளுக்குப் பிடித்த சம்பலும் வைத்திருந்தது, யார் சொன்னார்களோ.

எல்லாரும் கும்பிட்டு முடிந்ததும் கிட்டப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன். நல்லாத்தான் இருக்கே.