நம் வீட்டில் இருந்த லிஸ்பன்காரர்

டீச்சரம்மா,

சாயங்காலமானதும் உன் போன் இன்னும் பேசுகிறது. "போவா தார்த்" என்று வணக்கம் சொல்லி ஒரு பெண்குரல், போர்த்துக்கீசியப் பாடம் படிக்க உன்னைக் கூப்பிடுகிறது. அதை நிறுத்திவிடலாம் என்று மகள் சொன்னாள். நான்தான் வேண்டாமென்றேன். இன்று விதைக்கடையைச் சாத்திவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தக் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் பேச வேண்டும்போல இருந்தது.

எல்லாம் திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைக்குக் கப்பலில் வந்த பாடத்தை நீ நடத்திக்கொண்டிருந்தாய். ஒரு பிள்ளை எழுந்து, இதையெல்லாம் எழுதி வைத்தது யார் என்று கேட்டாள். உனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை என்று வந்து சொன்னாய். தேடித் தேடி ஒருவரைக் கண்டுபிடித்தாய். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர், போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் இருந்தவர். அரண்மனை ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். இறந்துபோன ராஜாவின் ஆட்சியை எழுதச் சொல்லி அரண்மனையே நியமித்த சரித்திரக்காரர். எழுதிக் கொடுத்ததும் பெரிய குடும்பத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் பாட்டனாரைப் பற்றிப் போதுமான அளவு புகழவில்லை என்றார்கள். சில பக்கங்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதைச் சொன்னபோது உனக்கு அப்படி ஒரு கோபம், ஏதோ உன் சொந்தத் தம்பிக்கு நடந்ததுபோல.

அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன் என்றாய். தலை நரைத்த வயதில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பாஷையைப் படித்தாய். அடுப்படியில் சத்தம் போட்டு வாசிப்பாய். எதிர்வீட்டு மதினி என்னைக் கடையில் வந்து பார்த்து, டீச்சருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனாள். அதை உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை, கண் விரிந்துவிட்டது. உன் லிஸ்பன்காரர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பாடுவார்களாம். இவர்கள் பாடுவது எங்களுக்குப் புரியவில்லை என்று அக்கம்பக்கத்தார் பின்னால் சர்ச் நடத்திய மதவிசாரணையில் சாட்சி சொன்னார்களாம். "நம்ம மதினி பரவாயில்லைங்க, உங்ககிட்ட மட்டும்தான் சொல்லிருக்கு" என்றாய்.

அவரைக் கைது செய்த அத்தியாயத்தை எழுதிய அன்று நீ அழுதாய். வயதானவரைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். விரத நாளில் இறைச்சி தின்றார் என்று சொந்தக்காரப் பெண்ணே சொல்லிவிட்டாள். நீ என்னிடம் இதைச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது மதினி உள்ளே வந்தாள். பதறிப்போய், "யாரு மதினி அவுக? ஜாமீனுக்கு ஆளு பார்த்தாச்சா?" என்று கேட்டாள். அழுகையோடு நீ சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. பிறகு அவளை உட்கார வைத்து முழுக்கதையையும் சொன்னாய். அன்றிலிருந்து அவளும் காய் வாங்கத் தெருவுக்கு வரும்போதெல்லாம் லிஸ்பன்காரரின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அத்தியாயத்தில்தான் சிக்கல் வந்தது. அவர் எப்படிச் செத்தார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கணப்பு நெருப்பில் விழுந்தார் என்கிறார்கள் சிலர். நோய் என்கிறார்கள். கொன்றுவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த பதிப்பாளர் நம் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, கொலை என்று முடியுங்கள், புத்தகம் நன்றாகப் போகும் என்றார். நீ நிறைய நேரம் யோசித்தாய். அந்தப் புத்தகத்துக்காக நீ எத்தனை லீவு நாட்களை விட்டுக்கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். சரியென்று சொல்லிவிடேன் என்று எனக்கே மனதுக்குள் இருந்தது.

"அவரு செத்தப்ப நான் பக்கத்துல இல்லைங்க சார்," என்றாய். "தெரியாததைத் தெரியாதுன்னுதான் எழுதுவேன்."

பதிப்பாளர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார், கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளாமல். நீ அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒரு வரியையும் மாற்றவில்லை.

அதற்கப்புறம் வந்த புரட்டாசியில், முதல் மழை பெய்த சனிக்கிழமை, நீ போய்விட்டாய். விதைப்புக்கு ஈரம் கிடைத்துவிட்டதென்று கடை முழுக்க விதை வாங்க வந்த சம்சாரிகள். நான் குதிரைவாலி விதை அளந்துகொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த மதினிதான் உன்னை நாற்காலியில் பார்த்திருக்கிறாள். நெஞ்சுவலி என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் உன் கடைசி நிமிஷத்தை ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். வலியே இல்லை, தூக்கம் மாதிரி என்றார் பெரியத்தை. "உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாக" என்று என்னிடம் சொன்னார் காரியாபட்டி மாமா. எல்லாம் என் மேல் உள்ள பாசத்தில் சொன்னது. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்; கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்து எல்லோரும் போனபின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா கடைசில கஷ்டப்பட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் உன் மகளாயிற்றே அவள்.

"தெரியாதும்மா. நான் பக்கத்துல இல்லை," என்றேன்.

அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சரிப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க என்றாள். அன்று காலையிலிருந்து சொன்னேன். உப்புமாவில் உப்பு கூடிப்போனதைச் சொன்னேன். நீ ஒப்புக்கொள்ளாமல் முழுத்தட்டையும் தின்று தீர்த்ததைச் சொன்னேன். அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

புத்தகத்தை அவளே வேறு ஒரு பதிப்பாளரிடம் கொடுத்து, போன மாதம் கொண்டுவந்துவிட்டாள், நீ எழுதியது எழுதியபடி. மதினிக்கு அவள் பேரன் வாசித்துக் காட்டுகிறான்.

உன்னைப் பற்றி இப்போது யார் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்கிறேன். நான் கடைக்குக் கிளம்பும்போது நீ கேட் வரைக்கும் வந்து குடையை நீட்டினாய். வானம் வெறிச்சென்று இருக்கிறது, எதற்கு என்றேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லி உள்ளே போனாய்.

மத்தியானம் மழை வந்தது. அது விடுவதற்குள் மதினியின் போனும் வந்தது. நனைந்துகொண்டேதான் உன்னிடம் ஓடி வந்தேன். அது எனக்குத் தெரியும்.