உங்கள் பக்கத்தை எழுதியபோது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெல்டிங் பட்டறையில் குனிந்தே நிற்காமல் அவ்வப்போது நிமிருங்கள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்டாமல் தூக்கிப் போடமாட்டேன் என்று பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு திரிகிறாள். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளை என்றைக்கு வந்திருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் திரும்பிவிடட்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தீர்கள். இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள் என்று நான் நீட்டி முழக்கிப் பதில் எழுதினேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கூரை, இங்கே வேலை கிடைக்காத நிலைமை என்று ஒன்றையும் விடவில்லை. நீங்களும் "நீ சொல்றதுதான் சரி" என்று புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

அந்தக் கடிதம் என் மாலைக் கல்லூரிப் பாடம். வாதம் செய்து அடுத்தவர் மனத்தை மாற்றும்படி எழுதப் பழக்குகிறார்கள். நிஜமான ஓர் ஆளுக்கு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் டீச்சர். எனக்கு நீங்கள் அகப்பட்டீர்கள். வகுப்பில் வாசித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று அடுத்த பாடம். யாரை மடக்கினீர்களோ, இப்போது அவர் பக்கத்தை எழுதுங்கள். அவரே படித்து "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்ட வேண்டும் என்றார் டீச்சர். உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "தனியா சாப்பிட்டு சாப்பிட்டு சலிச்சுப் போச்சு, வீட்டுக்கு வரணும் போல இருக்கு" என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்து, இதற்கு என்ன பதில் சொன்னீர்கள் அக்கா என்று கேட்டாள். நான் கூரையைப் பற்றியல்லவா எழுதியிருந்தேன்! வெட்கமாகப் போய்விட்டது. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நான் அடுக்கிய காரணங்கள் எதுவும் பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணத்தை நான் எழுதவே இல்லை. நீங்கள் வந்துவிட்டால் சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்ப முடியாதோ என்று பயந்தேன். படிக்காதே என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களைக் கேட்காமலே உங்களுக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஒப்பந்தத்தை முறிக்க வழி இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கு நீங்கள் வர வேண்டும். வகுப்புக்கும் நான் போக வேண்டும். ஏன் வர வேண்டும் என்று காரணங்களை அடுக்கி எழுத என்னால் முடியும். எழுதினால் அதற்கும் சரி என்றுவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வாயாடி