இரண்டாவது செட்

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தாய்மார் தேயிலை பறிக்கப் போகையில் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இன்று பதினொரு பிள்ளைகள், இரண்டுக்குச் சளி. கொடி முழுக்கக் காயாத துணி. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. என் கவனம் அடுப்பில் இல்லை.

கவனமெல்லாம் காலையில் பிள்ளைகளை விட வந்த தாய்மார் பேசியதில். ஏஜென்சிக்காரர் மறுபடி நோர்வூட்டுக்கு வந்திருக்கிறாராம். ஏழு மாதத்துக்கு முன் என் வீட்டுக்காரரையும் இந்தத் தோட்டத்து ஆட்கள் மூன்று பேரையும் ரஷ்யாவில் டிரைவர் வேலை என்று கொண்டுபோனாரே, அதே மனிதர். போன நாலு பேரும் இப்போது துப்பாக்கியோடு யாருடைய சண்டையிலோ நிற்கிறார்கள். இவர் இரண்டாவது செட்டுக்கு ஆள் பிடிக்கிறார்.

கொழுந்து பறிக்க ஓடுகிற அவசரத்திலும் ஆளுக்கொரு பேச்சு. மலர்தான் சத்தமாக: "அடுத்தவன் நாட்டுச் சண்டையில நம்ம ஆளுங்களுக்கு என்னா வேல? இனி ஒருத்தரையும் அனுப்பக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும். லெட்சுமி மட்டும் மகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அங்கே ஒன்றுமே இல்லை. லயத்து வரிசை வீடுகளில் என் காம்பராவுக்கு அடுத்தது இவளுடையது. புருஷன் சேகர் த்ரீவீலர் ஓட்டுகிறான். என்னவோ இருக்கிறது.

மார்ச் 4, புதன்

வெயில். துணி காய்ந்தது. அவரிடமிருந்து போன் இல்லை, இன்றோடு பன்னிரண்டு நாள்.

வாங்க வேண்டியவை: பால்மா, சவர்க்காரம், மெழுகுதிரி, போனுக்கு ரீலோட். பால்மா மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் முழுக்க இதே பேச்சு. பின் சீட்டில் ஒருவர்: "பேராச புடிச்சுப் போறானுங்க, அப்பறம் அரசாங்கம் கூட்டிட்டு வரணுமாம்." பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா "அனே பவ்" என்று இரக்கப்பட்டார். யாரைப் பற்றிய பேச்சென்று அவருக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நஸீர் நானா கடை டிவியில், யாரும் போக வேண்டாம் என்று மறுபடி அறிவிப்பு. நானா ரீலோட் போட்டுக்கொண்டே கேட்டார்: "ரஷ்யாக்காரன் ஆள் போதாமத்தானே கூப்புடுறான் தங்கச்சி. அங்க ஈக்கிற ஆள உடுவானா?" இவருக்கு என்ன, இவர் வீட்டில் யாரும் போகவில்லை. எதற்காக இதை என்னிடம் சொல்ல வேண்டும்?

வெளியே வந்தால் ஏஜென்சிக்காரர். எனக்காகவே நின்ற மாதிரி. நேற்றைய மழைக்கு ரோடெல்லாம் சேறு, அவர் சப்பாத்தில் ஒரு பொட்டு இல்லை.

"ரெண்டாவது செட் அங்க போய் எறங்கிட்டா மொதல் செட்டு வீட்டுக்கு வந்துரும் அக்கா. அதுதான் ரூல். ஆனா ஆளுங்க பயப்புடுறாங்க. ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல கூட்டம். அண்ணன் நல்லா இருக்காருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

ரூல் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். எழுத்தில் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பனி. கோயிலுக்குப் போனேன்.

அந்த மனிதரை ஒரு சொட்டும் நம்பவில்லை. ஆனால் அந்த ரூலை நம்புகிறேன். ஏன் என்று இரண்டு நாளாக யோசித்ததில் பிடிபட்டது. தோட்டத்தில் அப்படித்தானே நடக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்றால் நாத்தனார் வந்து என் இடத்தில் நிற்பாள், அன்றைய வேலை என் பெயரில் விழும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி எண்ணுவது தலையைத்தான், முகத்தை அல்ல. ஒரு ஆள் வந்தால் ஒரு ஆள் போகலாம். பட்டாளத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று ஆள் போன நாலு வீடும் முடிவு கட்டிவிட்டோம்.

வெளியில் நாங்கள் நாலு வீடும் "இனி யாரும் போகக் கூடாது" கட்சி. உள்ளுக்குள் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டாவது செட்டு எப்ப போகுதாம்?"

எழுதவே கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் ஆள் சேர வேண்டும் என்றுதான் இன்று சாமியிடம் கேட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள், வெளியிலும். முதலில் தோட்டத்துத் தலைவர் பேசினார், போகவே கூடாது என்று. "அனுப்பக் கூடாதுங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். ஏறக்குறைய எல்லாக் கையும். என் கை பாதி வரை. சேகர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

பிறகு ஏஜென்சிக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். எழுந்தேன்.

"நல்லா இருக்காருங்க. சாப்பாடெல்லாம் ஒழுங்கா குடுக்குறாங்களாம். சண்ட நடக்குற எடம் ரொம்பத் தூரமாம்."

மூன்றும் பொய். போன தடவை அவர் பேசியது மண்ணில் தோண்டிய குழிக்குள்ளிருந்து. இரண்டு நாளாக ரொட்டி இல்லை என்றார்.

கூட்டம் கலைந்ததும் ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் "கூடாது" என்று கை தூக்கியவர்கள். முதல் பெயர் சேகர். எனக்குத் தெரியும், புது த்ரீவீலர் ஆசை, லெட்சுமிக்குத் தாலிக்கொடி ஆசை. இல்லாவிட்டால் அப்படி முந்திக்கொண்டு ஓடுவானா? நல்லது, எனக்கும் அதுதானே வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

பின்னேரம் நாலரைக்கு அவர் போன்.

உயிரோடு இருக்கிறார். முதலில் இதை எழுதிக்கொள்கிறேன்.

அவர் சொன்னதை மறப்பதற்குள்: "இங்க போன மாசமே வேற ஊரு ஆளுங்க ஒரு செட் வந்துச்சு. எங்கள்ல ஒருத்தனையும் விடல. அவங்களையும் எங்க பக்கத்துலயே நிக்க வச்சுட்டான். அவங்கள்ல ராகலைக்காரர் ஒருத்தர் முந்தாநேத்து குண்டடி பட்டுப் போயிட்டாரு. அங்கருந்து யாரையும் வர விட்றாத, என்ன?" சரி என்பதற்குள் லைன் போய்விட்டது.

நஸீர் நானா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சேகர் பேக் கட்டுகிற சத்தம். நாளை விடிய வேன். எட்டு அடி வைத்தால் அவன் வாசல். போகவில்லை.

ஏன் போகவில்லை: லைன் தெளிவாக இல்லை, தப்பாகக் கேட்டிருக்கலாம். இந்தச் செட்டுக்கு ரூல் வேறாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று சொல்லி இன்று வேறு சொன்னால் ஊர் என்னைக் காறித் துப்பும். இவர்களும் போகாவிட்டால் அவர் திரும்பி வர இருக்கிற நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பும் இல்லாமல் போய்விடும்.

கடைசியில் எழுதியதுதான் உண்மை. மற்றதெல்லாம் சாக்கு. காலையில் வேன் வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

மார்ச் 11, புதன்

மூடுபனி. எதிர் லயம் தெரியவில்லை.

விழித்தபோது வேன் போய்விட்டது. ஐந்தரைக்கே. தூங்கிவிட்டேனா, எழும்ப மனமில்லாமல் கிடந்தேனா, எனக்கே நிச்சயமில்லை.

ஏழு மணிக்கு லெட்சுமி மகளைக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் வீங்கி. "போறப்ப அவரு ஒங்க காம்பரா வாசல்ல நின்னாரு அக்கா. கதவு சாத்தியிருந்துச்சு. எழுப்ப வேணாம்னுட்டாரு." என்னிடம் அவனுக்கு என்ன வேலை? அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். குழந்தையை வாங்கினேன். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்கு மேல் முடியவில்லை.

லெட்சுமியை உட்காரச் சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே சேகருக்குப் போன் எடுத்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "சொல்லுங்கக்கா." வேன் சத்தம். கினிகத்தேனைக்குக் கிட்டே போகிறார்களாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பேசியது பொய் என்று. போன மாதம் போனவர்கள் கதி. ராகலைக்காரர். நேற்றே தெரியும் என்பதையும். லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மத்தவங்ககிட்டயும் சொல்லி எறங்கிர்றோம்க்கா" என்றான். பிறகு, "நா போய் நின்னா அண்ணன விட்ருவாங்கன்னுதான் மொதல்ல பேரு குடுத்தேன். இப்ப அண்ணன எப்புடிக்கா வெளிய எடுக்கிறது?"