எந்த எறும்பு இப்படிக் கடிக்கும்?

மார்ச் 4, செவ்வாய்

இன்று பன்களுக்குக் கிரீம் நிரப்பியே தோள்பட்டை கழன்றுவிட்டது. பள்ளிக்கூட விழாவாம், ஆர்டர் இரண்டு மடங்கு. ஒரு கையில் பன், ஒரு கையில் கிரீம் பை. குழாயை உள்ளே விடு, அழுத்து, எடு. விடு, அழுத்து, எடு. கனவிலும் இதையே செய்வேன் போலிருக்கிறது.

மாலை முதலாளி வழக்கம்போல் வந்து ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பன்னை எடுத்து, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே தின்று காட்டினார். "என் கடைச் சரக்கை நானே திங்கிறேன், பாத்துக்கங்க!" இதுதான் அவருடைய விளம்பரம். அவருடைய தொப்பையும் அந்த விளம்பரத்தில் வந்ததுதான்.

சரி, போதும். எழுத வேண்டியதை எழுதாமல் இருக்கத்தானே இத்தனையும் எழுதுகிறேன்? நாளை மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மா நல்லவர். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

என் ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறதாம். போன முறை ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார். "இந்தத் தடவை அதுக்கு மருந்து இருக்கும்மா. விடாம எடுத்தீங்கன்னா நல்லபடியா பெத்துக்கலாம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து என்றால் மாத்திரை என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

ஊசி. தினமும் ஒன்று. வயிற்றில். பிரசவம் வரைக்கும்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, சரியாக அந்த இடத்தில்தான்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதாம்மா இருக்கும்" என்றார். எந்த எறும்பு? எனக்குத் தெரிந்த எந்த எறும்பும் பஞ்சால் துடைத்துவிட்டுக் கடித்ததில்லை. இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவே லேபில் இரண்டு பேர் என்னைப் பிடிக்க வேண்டியிருந்தது. இவருடைய சட்டைக் கை கிழிந்தது. அந்த லேப்காரர் என்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

ஆனால் குழந்தை வேண்டும். இந்தக் குழந்தை எனக்கு வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள், சந்தோஷப்பட்டாள், பிறகு, "அதெல்லாம் எறும்பு கடிக்கிற மாதிரிதான்டி" என்றாள்.

நீயுமா! சின்ன வயதில் இதையே சொல்லித்தானே கூட்டிப்போனாய்? அதுகூட இல்லை. புது ஷூ வாங்கப் போகிறோம் என்றாய். ஷூக் கடைக்குப் போகிற வழி இது இல்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மருந்து வாசனை வந்த பிறகுதான் புரிந்தது. நாலு பேர் பிடித்தார்கள், அம்மா கால்களை. ஊசி வலித்ததா என்று இன்றைக்கும் நினைவில்லை. பிடித்த கைகள் நினைவிருக்கின்றன.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தக் காலத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். ஷூ மட்டும் கடைசிவரை வாங்கித் தரவில்லை.

மார்ச் 8, சனி

கீழ் வீட்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் சாயங்காலம் மேலே வந்து போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வலிக்குமா?"

"வலிக்கும்."

"அக்கா!"

"நீதானே உண்மையைச் சொல்லுன்னே? குத்துறப்போ சுருக்குன்னு இருக்கும். மருந்து உள்ள போறப்போ எரியும். ஒரு காபி ஆறுறதுக்குள்ள போயிடும்."

"எறும்பு கடிக்கிற மாதிரின்னு..."

"எறும்பாவது கொசுவாவது. ஊசி ஊசி மாதிரிதான் இருக்கும்."

விசித்திரம், இதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. என் வாழ்க்கையில் ஊசியைப் பற்றி உண்மை பேசிய முதல் மனுஷி.

இவர் ஒரு பக்கம் மார் தட்டுகிறார். "நானே கத்துக்கிட்டுப் போடுறேன். லிஃப்ட்டுக் கயித்துல தொங்கிக்கிட்டு ரிப்பேர் பாக்குறவன், இத்துனூண்டு ஊசிக்கா பயப்படுவேன்?" பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

போட்டாயிற்று. நான் போட்ட கூச்சல் மூன்றாவது தெருவுக்குக் கேட்டிருக்கும். எரிந்தது. காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

பழகிவிடும் என்றார்களே, எங்கே பழகுகிறது? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறது உதறல். சாயங்காலம் நெருங்க நெருங்கப் பன்னைப் பிய்த்து வைக்கிறேன். அக்கா படியேறுகிற சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடத் தோன்றுகிறது. நேற்று போட்டேவிட்டேன். அக்கா வெளியே நின்று, "அவசரமில்ல, குளிச்சு முடிச்சிட்டே வா" என்றார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஆனால் இன்று அவர் சிரிக்கவில்லை. "என் டூட்டி எப்போ மாறும்னு எனக்கே தெரியாது. நீயே போட்டுக்கக் கத்துக்கணும்" என்று சொல்லி, ஒரு காலி ஊசியைக் கையில் கொடுத்தார். தண்ணீர் நிரப்பி, மெத்தென்று எதிலாவது குத்திப் பழக வேண்டுமாம்.

"மெத்துன்னு வீட்டுல என்னக்கா இருக்கு?"

"உனக்கா பன்னுக்குப் பஞ்சம்?"

மார்ச் 24, திங்கள்

மானம் போச்சு.

டீ நேரத்தில் மேசை மூலையில் ஒரு பன்னை வைத்து ஊசியைக் குத்தினேன். முதல் தடவை கோணலாகப் போனது. நாலாவது தடவை அழகாக இறங்கியது. எனக்கே ஆச்சரியம்! ஆர்வக்கோளாறில் அந்தப் பன்னுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏற்றினேன் என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு ஓடினேன். பன்னை மறந்துவிட்டேன். யாரோ நல்ல மனசுக்காரர், தனியாகக் கிடக்கிறதே என்று அதை எடுத்துத் தட்டில் அடுக்கிவிட்டார்.

அப்புறம் என்ன? முதலாளி வந்தார். கடை நிறையக் கூட்டம். "என் கடைச் சரக்கை நானே..." ஒரே கடி. சர்ர்ரென்று தண்ணீர் சட்டையில்.

கடை அப்படியே உறைந்தது. ஒரு குழந்தை மட்டும், "அம்மா, பன்னு உச்சா போகுது" என்றது.

உண்மையைச் சொல்லிவிட்டேன், வேறு வழி? வயிற்றில் குழந்தை, தினம் ஊசி, பயம், பழகினேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டேன். அந்தத் தட்டு முழுவதையும் குப்பையில் கொட்டச் சொன்னார். "திங்கிற பொருள் இருக்கிற இடத்துல ஊசியைக் கொண்டு வருவியா? அறிவிருக்கா?" என்று கத்தினார். நியாயம்தான், தட்டைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு காகிதப் பையைக் கையில் திணித்தார். உள்ளே நேற்றைய பன்கள். "இது குத்துறதுக்கு. வீட்டுல வெச்சுக் குத்து." சட்டை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

பன்னில் இப்போது நான் புலி. வயிற்றைக் காட்டினால் எலி.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, விட மாட்டேன் என்கிறார்கள், நாளைக் காலைதான் வருவேன் என்றார். "நீயே போட்டுக்கோ. உனக்கு வரும்." பக்கத்துக் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஒரு நாள்கூட விடாதீங்க என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். தட்டில் பஞ்சு, ஊசி. மூடியைக் கழற்றினார். ஊசி முனையைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி ஊசியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஒரு நிமிஷம்மா" என்றார். ஊசியைப் பத்திரமாகத் தட்டில் வைத்தார், மெக்கானிக் புத்தி. அப்புறம் பீரோவில் சாய்ந்தபடியே, கம்பி கழன்ற திரைச்சீலை மாதிரி தரைக்கு இறங்கிவிட்டார்.

என்னங்க என்னங்க என்று உலுக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து முதலில் கேட்ட கேள்வி: "போட்டாச்சா?"

சிரிப்பு வந்தது பாருங்கள். அடக்கவே முடியவில்லை. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அவரும் தரையில் கிடந்தபடியே அசடு வழியச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து பார்த்தால், தட்டில் ஊசி அப்படியே இருக்கிறது. அறை அமைதியாக இருக்கிறது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, காலைப் பிடிக்கவில்லை. பிடிக்க இருந்த ஒரே ஆளும் தரையில்.

எடுத்தேன். பஞ்சால் துடைத்தேன். சதையைச் சேர்த்துப் பிடித்தேன். நேராக விட்டேன். சுருக். மெதுவாக அழுத்தினேன், வேகமாக அழுத்தினால் பன் பிய்ந்துவிடும். முடிந்ததும் ஒரு மூச்சு பொறுத்தேன், உடனே உருவினால் கிரீம் வெளியே வந்துவிடும். அப்புறம் நேராக எடுத்தேன். இந்த வேலையை என் கை எத்தனை வருஷமாகச் செய்கிறது! என்னிடம்தான் அது சொல்லவில்லை.

வலித்ததா? வலித்தது. ஆனால் எப்போது வலிக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. போட்டவள் நானல்லவா.

இவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். மயங்கியவரை நான் கவனிக்கிறேன், கர்ப்பிணி நான்!

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முடியவில்லை. அதே ஊசி, அதே வயிறு, அதே நான். கை எழும்பவே மாட்டேன் என்றது. ஏன்? நேற்று போட்டேனே? ஒரு நாள் வீரம்தானா?

அக்கா வந்தார். "போட்டு விடுங்கக்கா" என்று கெஞ்சினேன். "மாட்டேன். பக்கத்துல இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டார். கல் நெஞ்சு! மூக்கால் அழுதேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். வைத வசவெல்லாம் மனசுக்குள் வைது முடித்து, கடைசியில் போட்டுக்கொண்டேன்.

"சமையல் குறிப்பு ஒண்ணு நல்லா இருக்கு, கிழிச்சு வெச்சுக்கோ" என்றார்.

மே 8, வியாழன்

வயிறெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கன்றிப் போயிருக்கிறது. ஒரு நாள் இடப் பக்கம், ஒரு நாள் வலப் பக்கம். ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயச் சத்தம் கேட்டோம். குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று. இவர் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை மயக்கமில்லை, அழுகை.

ஜூன் 5, வியாழன்

போன முறை இதே வாரம்தான். ஊசி போட்டுக்கொண்டேன். இரு கண்ணே, இரு.

ஜூன் 14, சனி

அந்த வாரம் தாண்டிவிட்டது. உதைக்கிறது! ஊசி போட்ட பக்கமாகப் பார்த்து உதைக்கிறது. ரோஷக்காரப் பிள்ளை.

ஆகஸ்ட் 21, வியாழன்

லேபில் அதே ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், பாவம். "அம்மா, ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கட்டுமா?"

"யாரும் வேணாம்ண்ணா. குத்துறப்போ மட்டும் சொல்லிட்டுக் குத்துங்க."

சொல்லிவிட்டுக் குத்தினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

பெண். என் பக்கத்தில் தூங்குகிறாள். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நவம்பர் 27, வியாழன்

பாப்பாவுக்கு இன்று தடுப்பூசி. இவர் வாசலோடு நின்றுவிட்டார். "உள்ள காத்தோட்டமே இல்ல" என்றார். சரி, சரி.

நர்ஸ் சின்னப் பெண். "அம்மா, காலை அசையாம பிடிச்சுக்கங்க. பாப்பாக்குட்டி, ஒண்ணுமே இல்லடா, எறும்பு..."

"சிஸ்டர், எறும்புன்னு மட்டும் சொல்லாதீங்க."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பார்க்கட்டும். பாப்பாவை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, குட்டிக் காலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். காதருகே குனிந்து சொன்னேன்: "வலிக்கும்டி தங்கம். சுருக்குன்னு இருக்கும், கொஞ்சம் எரியும். அப்புறம் போயிடும். அம்மா இங்கதான் இருக்கேன்." அவளுக்கு என்ன புரியும்? என் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி இறங்கியது. நான் கண்ணை மூடவில்லை. அந்தப் பெண் ஒரு மூச்சு பொறுத்துத்தான் உருவினாள், கைகாரி. பாப்பாவின் முகம் சிவந்தது, உதடு பிதுங்கியது, அப்புறம் ஒரு கூச்சல். மூன்றாவது தெருவுக்குக் கேட்டிருக்கும். என் பெண்தான், சந்தேகமே இல்லை.

வெளியே இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றார். எதிர்க்கடையில் ஒரு காபி வாங்கிக் கையில் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்தேன். அது ஆறுவதற்குள் அவள் அழுகை நின்றுவிட்டது.